தோட்டத்தைப் பிள்ளைகளிடம் விடுங்கள்



நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளிக்கூட வளாகத்தில் நாற்பது மரக்கன்றுகள் நட்டோம். உங்களில் பலர் அந்த விழாவுக்கு வந்திருந்தீர்கள். பந்தல் போட்டோம், பேனர் கட்டினோம். விருந்தினர்கள் ஆளுக்கொரு கன்றைக் குழியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அடுத்த ரமளானுக்குள் நாற்பதில் ஆறுதான் மிஞ்சின. ஆடு கடித்தது போக மற்றவை கோடை விடுமுறையில் தண்ணீர் இல்லாமல் காய்ந்து போயின.

இதைப் பற்றி நிர்வாகக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, வேலி போடாதது தவறு என்றார் ஒருவர். வாட்ச்மேனுக்குச் சொல்லி வைக்கவில்லை என்றார் இன்னொருவர். கடைசியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: "அந்தக் கன்றுகளில் எது எந்தப் பிள்ளையுடையது?" எங்களில் யாரிடமும் பதில் இல்லை. நட்டவர்கள் பெரியவர்கள், படத்தில் இருப்பவர்களும் பெரியவர்கள். பிள்ளைகளுக்கு அதில் கை தட்டும் வேலை மட்டும்தான் இருந்தது.

நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழியை அன்று மேடையில் மூன்று பேர் சொன்னார்கள். உண்ணும் அளவுக்கு அது வளர வேண்டுமே என்ற கவலை மட்டும் எங்களுக்கு வரவில்லை.

இரண்டாம் முறை விழா வைக்கவில்லை. ஆசிரியை சொன்னபடி எட்டுப் பாத்திகள் போட்டோம். நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைக் கலந்து, பாத்திக்கு ஐந்து பேர் என்று பிரித்தோம். எதை விதைப்பது, யார் எந்த நாளில் தண்ணீர் ஊற்றுவது, விளைந்ததை என்ன செய்வது ஆகிய மூன்றும் அந்த ஐந்து பேரின் முடிவு. ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு நோட்டு. வாரம் ஒரு பாட வேளை, தினமும் காலை மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம். இரண்டு ஆண்டுகள் நடந்திருக்கிறது. அதில் கண்டதை, பிழைகளையும் சேர்த்து, உங்கள் முன் வைக்கிறோம். அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்களுக்கும் இது பயன்படும். பள்ளிகளில் சத்துணவுக்கான காய்கறித் தோட்டம் அமைக்க மத்திய அரசு 2019இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் தலைமையாசிரியரிடம் இதைப் பற்றிப் பேசலாம்.

பாத்தியின் அகலத்தில் தொடங்கும் கணக்கு

பாத்தி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டோம். ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். உட்கார்ந்து கையை நீட்டிப் பார்க்கச் சொன்னபோது, நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு மண்ணை மிதிக்காமல் எட்டியது 45 செ.மீ. இரண்டு பக்கமும் ஆள் உட்காரலாம், ஆகவே 90 செ.மீ. நீளம் 3 மீட்டர் என்று வைத்தார்கள். வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி. அப்படியானால் ஒரு பாத்தியில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்து, ஆக இருபது செடிகள். புத்தகத்தில் பரப்பளவுக் கணக்கைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகள், இங்கே கயிற்றைப் பிடித்து நின்று ஒருவரையொருவர் திருத்தினார்கள்.

அதைவிட நல்ல கணக்கு விதையில் கிடைத்தது. ஒரு குழு பழைய வெண்டை விதைப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தது. தேதி கடந்திருந்தது. தூக்கிப் போடச் சொல்லாமல், பத்து விதைகளை எண்ணி ஈரத் துணியில் மடித்து வைக்கச் சொன்னார் ஆசிரியை. ஐந்தாம் நாள் பிரித்தபோது ஆறுதான் முளைத்திருந்தன. அறுபது சதவீதம். இருபது செடி வேண்டுமானால் எத்தனை விதை போட வேண்டும்? ஒருவன் 28 என்றான், நாற்பது சதவீதம் கூட்டிவிட்டானாம். இன்னொருத்தி வகுத்துப் பார்த்து 33.3 என்றாள். மூன்றில் ஒரு பங்கு விதையை எப்படிப் போடுவது என்று சிரித்துவிட்டு 34 என்று முடிவு செய்தார்கள். 28 போட்டிருந்தால் ஏறக்குறைய 17 செடிதான் வரும் என்று அந்தப் பையனே பிறகு கணக்குப் போட்டுச் சொன்னான். சதவீதத்தைத் திருப்பிப் போடும் இந்த வகைக் கணக்கு ஏழாம் வகுப்பிலும் பலருக்குத் தடுமாற்றம்தான். துணியில் பத்து விதையை எண்ணியவனுக்கு அது மறக்காது.

மழை அளவும் அப்படியே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்ததாகப் பொருள். பாத்தியின் பரப்பு 2.7 சதுர மீட்டர். 10 மி.மீ. மழை பெய்த மறுநாள், 27 லிட்டர் விழுந்திருக்கிறது, பூவாளியில் கிட்டத்தட்ட மூன்று தடவை ஊற்றியதற்குச் சமம், ஆகவே இன்று தண்ணீர் வேண்டாம் என்று நோட்டில் எழுதினார்கள். மேலும் கீழும் ஒரே அகலமாக உள்ள டப்பா ஒன்றும் ஸ்கேலும் போதும் இதற்கு.

ஒளுத் தண்ணீர்

நம் பள்ளிக்கூடத்தை ஒட்டியே பள்ளிவாசல். பிள்ளைகள் லுஹர் தொழுகைக்கு அங்கேதான் ஒளுச் செய்கிறார்கள். கோடையில் போர் தண்ணீர் குறைந்தபோது, தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது ஒரு குழு கேட்டது: ஒளுச் செய்த தண்ணீர் எங்கே போகிறது?

சாக்கடைக்குத்தான். குழாயின் அடியில் வாளியை வைத்து ஒவ்வொருவரும் தம் ஒளுத் தண்ணீரை அளந்தார்கள். பெரும்பாலோருக்கு ஐந்து லிட்டரைத் தாண்டியது. மதரஸா உஸ்தாத் அந்த நேரம் பார்த்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்ற செய்தியைச் சொன்னார். இரு கை சேர்த்து அள்ளும் அளவு அது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் வரும். பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். இந்த ஹதீஸை அவர்கள் முன்பே மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியவர்கள்தான்! வாளியில் அளந்து பார்த்த பிறகுதான் அது அவர்களுக்குச் சேதியாகத் தெரிந்தது. அடுத்த வாரம் ஒன்றரை லிட்டரில் முடித்தவர்கள் நான்கு பேர். ஒரு லிட்டரில் முடித்தேன் என்று ஒருவன் சொன்னதை மற்றவர்கள் ஏற்கவில்லை, குதிகால் நனையவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

சோப்பு கலக்காத தண்ணீர் ஆதலால் செடிக்குக் கெடுதல் இல்லை. ஜமாஅத்தின் அனுமதியோடு ஒளுச் செய்யும் இடத்திலிருந்து ஒரு குழாய் இழுத்து, சிமெண்ட் தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து பூவாளியில் எடுக்கிறார்கள். கொசு வராமல் தொட்டிக்கு மூடி போட்டிருக்கிறோம். முதல் மாதம் மூடி போடாமல் விட்டு ஜமாஅத்தாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அறுவடையானபோது உஷ்ர் பற்றிய பாடமும் தானாக வந்தது. மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்து ஊற்றி விளைந்ததற்கு இருபதில் ஒன்று. ஒரு பாத்தியில் 6 கிலோ வெண்டை வந்திருந்தது. பத்தில் ஒன்று 600 கிராம், இருபதில் ஒன்று 300 கிராம். காய்கறிக்கு உஷ்ர் உண்டா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் உண்டு என்கிறார்கள். ஷாஃபி மத்ஹபில் பேரீத்தம்பழம், திராட்சை, சேமித்து உண்ணும் தானிய வகைகளுக்கே உரியது. இதையும் உஸ்தாத் விளக்கினார். ஆனால் பிள்ளைகளின் கேள்வி வேறாக இருந்தது: ஒளுத் தண்ணீரில் விளைந்தது மழைக் கணக்கா, இறைத்த கணக்கா? உஸ்தாத் சிரித்துவிட்டு, "மோட்டாருக்குக் கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்று கேட்டு வாருங்கள்" என்று அலுவலகத்துக்கு அனுப்பினார்.

தேங்காய்ச் சிரட்டையில் வந்த புழுக்கள்

முதல் ஆண்டு ஆடிப் பட்டத்தில் மூன்று பாத்திகளில் தட்டைப்பயறு போட்டிருந்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கொழுந்திலும் பிஞ்சிலும் கறுப்பு அசுவினி அப்பியது. கூடவே எறும்பு. அந்தச் செடிகளின் மேல் சிறு முதலை போன்ற கறுப்புப் புழுக்கள் ஊர்வதைப் பிள்ளைகள் கண்டார்கள். உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி, பார்க்கவே பயமாக இருக்கும். இவைதான் காரணம் என்று முடிவு கட்டி, ஒரு காலை முழுவதும் பொறுக்கி நசுக்கி, சிரட்டையில் போட்டுப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார்கள். ஆசிரியையும் பாராட்டினார். எங்களில் பார்த்தவர்களும் பாராட்டினோம்.

அடுத்த வாரம் அசுவினி இரட்டிப்பானது. கொழுந்துகள் சுருண்டன. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குச் சந்தேகம் வந்து, தப்பிப் பிழைத்த ஒரு புழுவை அசுவினி அப்பிய கொழுந்தோடு பாட்டிலில் போட்டுத் துணியால் மூடினாள். அது இலையைத் தொடவில்லை. அசுவினியைத்தான் தின்றது. தினமும் புதுக் கொழுந்து போட்டு வந்தாள். சில நாளில் புழு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்றார்கள். பிறகு ஒரு காலையில் பாட்டிலுக்குள் ஒரு பொறிவண்டு இருந்தது. பொறிவண்டு நல்ல பூச்சி என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்தவர்கள் அவர்கள். அதன் குட்டி இப்படி இருக்கும் என்று படத்தில் யாரும் பார்த்ததில்லை.

"நம்ம ஆளையே கொன்னுட்டோமே" என்று அந்தப் பாத்தியின் பையன் சொன்னதை நாங்கள் மறக்க முடியாது. அன்றைக்கு யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை. அதன்பின் எந்தப் பூச்சியைக் கண்டாலும் முதலில் பாட்டில், பிறகுதான் தீர்ப்பு. அசுவினிக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குச் சிறிது சோப்புக் கரைசல், மாலையில் தெளிப்பு என்று ஒழுங்கு செய்தோம். கலப்பது ஆசிரியை, தெளிப்பது பெரிய பிள்ளைகள். கடையில் விற்கும் பூச்சி மருந்து எதுவும் வளாகத்துக்குள் வரக் கூடாது என்பது விதி.

அந்தப் புழுக்களை முதல் நாளே எங்களுக்குத் தெரிந்து தடுத்திருந்தால் முப்பது பொறிவண்டுகள் பிழைத்திருக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு இது கிடைத்திருக்காது. இந்த இடத்தில்தான் பெரியவர்களுக்குக் கை பரபரக்கிறது. வாடிய செடிக்கு நாமே ஒரு குடம் ஊற்றிவிடுகிறோம், கோணலான வரிசையை இரவோடு இரவாக நேராக்கிவிடுகிறோம். சென்ற ஆண்டு ஒரு வாப்பா ஆர்வ மிகுதியில் தம் மகனின் பாத்தியில் இரண்டு சட்டி யூரியாவைப் போட்டுவிட்டார். கீரை இரண்டே நாளில் கருகிவிட்டது. அழுதது மகன்தான், வாப்பா அல்ல.

பூசணியில் பூ நிறைய, காய் மட்டும் ஏன் இல்லை என்று தேடி ஆண் பூ, பெண் பூ கண்டுபிடித்தது, தட்டைப்பயற்று வேரைப் பிடுங்கி முடிச்சுகளைக் கீறி உள்ளே இளஞ்சிவப்பு நிறம் பார்த்தது, ஆடி மாதம் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் வர ரமளான் மட்டும் ஏன் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது என்று விசாரித்தது எல்லாம் அந்த நோட்டுகளில் இருக்கின்றன. அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்தவில்லை.

எங்களுக்கு வந்த புகார்கள்

வளைகுடாவிலிருந்து ஒரு தகப்பனார் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். "நான் இங்கே வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்புவது என் மகன் மண் சுமக்காமல் இருக்கத்தான்" என்றார். அந்தக் கோபம் எங்களுக்குப் புரிந்தது. வேலை வேறு, படிப்பு வேறு என்று நம் சமூகத்தில் ஊறிப்போயிருக்கிறது. இந்தப் பிரிவை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் நம்மவரே. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டுக்குப் பின், கைத்தொழில் வழியாகவே பாடங்களைக் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராக இருபதாண்டுகளுக்கு மேல் இருந்து, 1967இல் குடியரசுத் தலைவரானவர். ரோஜா வளர்ப்பதில் பெரும் பிரியம் உள்ளவர். சண்டிகரிலுள்ள ரோஜாத் தோட்டத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் செய்யும் பொருளின் விலையில் பள்ளிக்கூடம் ஓரளவு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அந்தத் திட்டத்தில் இருந்தது. ஆனால் வருமானத்தில் கண் வைத்தால் கல்வி பின்னுக்குப் போய்விடும் என்று அந்தக் குழுவின் அறிக்கையே எச்சரித்தது.

அந்த எச்சரிக்கை எங்களுக்கும் தேவைப்பட்டது. கீரை நன்றாக வந்த மாதம், ஜும்ஆவுக்குப் பின் விற்றால் பள்ளிக்கு நிதியாகுமே என்று எங்களில் சிலருக்கு ஆசை வந்தது. இரண்டு வாரம் விற்றோம். மூன்றாம் வாரம் பிள்ளைகள் நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டுக் கட்டு எண்ணுவதிலேயே நின்றார்கள். நிறுத்திவிட்டோம். இப்போது பாதி சத்துணவுக் கூடத்துக்கு, மீதியை அந்தந்தப் பாத்திப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

அந்தத் தகப்பனார் விடுமுறையில் ஊர் வந்தபோது பாத்தியைப் பார்க்க வந்தார். மகன் நோட்டை விரித்து விதைக் கணக்கை விளக்கினான். எல்லாம் கேட்டுவிட்டு, "கணக்கில் என்ன மார்க்?" என்றார். நாங்கள் குறை சொல்ல மாட்டோம். நாங்களும் தகப்பன்மார்தான்.

இன்னொரு புகார் எங்கள் மேலேயே வந்தது, அதுவும் ஒரு மாணவியிடமிருந்து. முதல் ஆண்டு கொத்துவது ஆண் பிள்ளைகளுக்கு, தண்ணீர் ஊற்றுவதும் பெருக்குவதும் பெண் பிள்ளைகளுக்கு என்று நாங்களே பிரித்து வைத்திருந்தோம். "எங்களுக்கும் களைக்கொத்து வேண்டும்" என்றாள். நியாயம். இப்போது வேலை வாரந்தோறும் மாறுகிறது. வீட்டுப்பாடம் எழுதாதவனைத் தோட்ட வேலைக்கு அனுப்பும் பழக்கமும் ஒரு வகுப்பில் இருந்தது. அதையும் நிறுத்தச் சொன்னோம். தண்டனையாகக் கொடுத்த வேலையில் எந்தப் பிள்ளையும் எதையும் கற்காது.

ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டியும் வாசிக்க வராத ஒரு பையன் இருந்தான். வீட்டிலும் வகுப்பிலும் அவனுக்கு 'மக்கு' என்றே பெயர். பாத்தியில் தண்ணீர் முறைப் பட்டியல் எழுதும் பொறுப்பு சுற்றில் அவனுக்கு வந்தது. நாங்கள் மாற்றிவிடலாமா என்று யோசித்தோம், ஆசிரியை விடவில்லை. நான்கு பெயரை எழுத அவனுக்கு இரண்டு நாள் ஆனது. பிறகு விதைப் பொட்டலத்தில் உள்ளதைக் கேட்டுக் கேட்டு வாசித்தான். இப்போதும் அவன் வாசிப்பில் வகுப்புக்குப் பின்னால்தான் இருக்கிறான். ஆனால் பள்ளிக்கு வராமல் நிற்பதை விட்டுவிட்டான். மக்கு என்று அவனை அழைப்பதை அவன் பாத்திக்காரர்கள் அனுமதிப்பதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

நாட்காட்டியைப் பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான தோட்டங்கள் விடுமுறையில்தான் சாகின்றன. ஜூன் கடைசியில் போட்ட முளைக்கீரை, வெந்தயக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிக்க வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் பொறுமை இருக்காது. ஜூலை தொடக்கத்தில் போட்ட வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கிக் காலாண்டுத் தேர்வுக்குள் பெரும்பகுதி தந்துவிடும். மழைக் காலத்துக்குப் பிறகு தைப் பட்டம். நம் ஊர் மணலில் தண்ணீர் நிற்காது, ஆகவே மக்கிய சாண எருவும் செம்மண்ணும் கலந்து, மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் போட வேண்டும்.

செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்க விடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். அரளி, ஊமத்தை இருந்தால் அவை விஷம் என்று காட்டிக்கொடுங்கள்.

இடம் இல்லாத வீட்டில் மாடியில் ஒரு பழைய வாளியோ சிமெண்ட் சாக்கோ போதும். அடியில் துளை போடுங்கள். அதற்கு மேல் நீங்கள் எதையும் செய்யாதீர்கள். மாலையில் "இன்று என்ன மாறியிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் ஒரு வாரத்துக்கு "ஒன்றுமில்லை" என்றுதான் வரும். செடி வாடினால் ஒரு நாள் பொறுத்திருங்கள், பிள்ளை கவனிக்கிறதா என்று பாருங்கள். செத்தே போனாலும் இன்னொரு பத்து விதை கொடுத்தால் போயிற்று.

இன்ஷா அல்லாஹ், வரும் ஆடிப் பட்டத்துக்கான வெண்டை, முளைக்கீரை, தட்டைப்பயறு விதைகள் ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். பிள்ளையே நேரில் வந்து, பத்து விதை எண்ணித் துணியில் வைத்து, எத்தனை முளைத்தன என்று அடுத்த வெள்ளிக்கிழமை வந்து சொன்னால் மீதிப் பொட்டலம் தரப்படும். பெரியவர்கள் வந்து வாங்கிப் போக வேண்டாம்.